கவரேஜ் உள்ள இடத்தில் மீன் இல்லை

தூண்டில் தடி என் கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. நான் பார்த்துக்கொண்டிருந்ததோ மற்றக் கையில் இருந்த போனை.

நெடுங்கேணிக்கு அப்பால், காட்டை ஒட்டிய ஒரு சின்னக் குளம். மாரி முடிந்து, குளம் நிறைந்து, மிகைநீர் வான் வழியே பாய்ந்து ஓய்ந்திருந்த காலம். காலை வெயில் இன்னும் சுடத் தொடங்கவில்லை. இடது கையில் தடியைப் பிடித்தபடி, வலது கையால் போனைத் தலைக்கு மேலே தூக்கி, கவரேஜ் கோடு ஒன்றாவது விழுகிறதா என்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிக்கொண்டிருந்தேன். ஒரு கோடு விழுந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் விரால் இரையைக் கவ்வியது.

தடி வழுக்கிக்கொண்டு தண்ணீருக்குள் போனது. நான் இறங்கப் போனேன்.

"நில்லுங்க! நீங்க எறங்காதீங்க!" என்று கத்திக்கொண்டே, பக்கத்தில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த பெருமாள் தொடையளவு தண்ணீருக்குள் பாய்ந்தார். அந்தக் குளத்தில் முதலை உண்டு. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். தாமரைத் தண்டுகளுக்கு நடுவே போய்க்கொண்டிருந்த தடியின் பிடியை எட்டிப் பிடித்துக்கொண்டு கரைக்கு ஓடி வந்தார். மீன் போய்விட்டிருந்தது. இடுப்புச் சாரத்திலிருந்து தண்ணீர் வழிய வழிய என்னைப் பார்த்தார்.

"அண்ணே, நீங்க மீன் புடிக்க வந்தீங்களா, போன் ரவர் புடிக்க வந்தீங்களா?"

நான் மறுபடி போனைப் பார்த்தேன். அதற்குள் அந்த ஒரு கோடும் போய்விட்டது.

அன்று பதினோராவது நாள்.

கேட்டவர்களுக்கு

சில வாரங்களுக்கு முன் இந்தத் தொடரில், ஓய்வு பெற்ற பிறகு தூண்டில் போடப் பழகினேன் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அன்றிலிருந்து சந்தையிலும் பஸ்ஸிலும் ஆட்கள் பிடித்துவிடுகிறார்கள். என்ன தடி வாங்கலாம், என்ன இரை போடலாம், எந்தக் குளத்துக்குப் போகலாம். நான் முப்பது வருடம் விவசாயப் போதனாசிரியராக இருந்தவன். நெல்லுக்கும் மிளகாய்க்கும் புத்திமதி சொல்லிச் சொல்லியே தலை நரைத்தவன். கேட்டால் சொல்லாமல் இருக்க முடியாது.

விலை கூடிய தடி மீனைக் கூட்டி வராது. ஏழடித் தடியும், கையில் அடங்கும் ஒரு சின்ன ரீலும் குளத்துக்குப் போதும். தங்கூசி நூல் மெல்லியதாக இருக்கட்டும். தெளிந்த தண்ணீரில் தடித்த நூலை மீன் கண்டுகொள்ளும். நாங்கள் யப்பான் மீன் என்று சொல்கிற திலாப்பியாவுக்கு வாய் சின்னது, ஆகவே தூண்டில் முள்ளும் சின்னதாக வேண்டும். பாண் ரொட்டியின் வெள்ளைப் பகுதியைக் கொஞ்சம் கோதுமை மாவுடன் பிசைந்து, பயறளவில் உருட்டிக் குத்துங்கள். குசினியில் பாத்திரம் கழுவிய தண்ணீர் போய் விழுகிற வாழையடியைக் கிண்டினால் மண்புழு கிடைக்கும். அதற்கு எந்த மீனும் வரும்.

விரால் வேறு சாதி. அதற்கு உயிருள்ள இரை வேண்டும், சின்ன மீனோ தவளைக்குஞ்சோ. அது கவ்வியவுடன் இழுத்தீர்களோ, போயிற்று. வாயில் வைத்துக்கொண்டு கொஞ்சத் தூரம் போய்த்தான் விழுங்கும். பத்து வரை எண்ணிவிட்டு இழுங்கள்.

இடம் பார்ப்பதென்றால், முதலில் நீர்க்காகம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அதற்கு உங்களைவிட நன்றாகத் தெரியும். தாமரை இலை முடிந்து தண்ணீர் வெளிக்கிற ஓரம், வயலுக்குத் தண்ணீர் விடுகிற துருசடி, காட்டாறு வந்து குளத்தில் சேருகிற இடம், இவை மூன்றும் நல்லவை. தண்ணீர் விளிம்பில் குந்தியிருக்காதீர்கள். நான்கு ஐந்து அடி தள்ளி நில்லுங்கள். முதலையும் அதே இடங்களைத்தான் தேடும். குளத்தில் மீன்குஞ்சு விட்டு வளர்க்கிற சங்கத்தாரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போடுங்கள். தூண்டிலுக்கு அவர்கள் மறுப்பதில்லை, கேட்காமல் போட்டால்தான் கோபம்.

இவ்வளவும் சரியான புத்திமதிகள். நான் சொல்லப்போகிற அந்த மாதத்தில் இவற்றில் ஒன்றைக்கூட நான் கடைப்பிடிக்கவில்லை. பத்து வரை எண்ணுவதா? மூன்றுக்கு மேல் போனதில்லை. அரை மணி நேரத்தில் நான்கு இடம் மாறுவேன். நான் இடம் பார்த்தது நீர்க்காகத்தை வைத்தல்ல, போனில் விழுகிற கோட்டை வைத்து.

பதினோரு நாள்

எங்கள் ஒரே மகன் துசியன் ஐரோப்பாவுக்குப் போக வெளிக்கிட்டிருந்தான். விமானத்தில் பாதி வழி, மீதி வழி ஏஜென்சிக்காரன் காட்டுகிற வழி. எல்லையைக் காட்டுக்குள்ளால் கடக்க வேண்டும் என்பது அங்கே போன பிறகுதான் அவனுக்கே தெரிந்தது. கடைசியாக அவனிடமிருந்து வந்தது ஒரு குரல் செய்தி.

"அப்பா, இண்டைக்கு இரவு நடக்கப் போறம். போனை நிப்பாட்டச் சொல்லினம். சரியான குளிர். ரண்டு நாளிலை எடுக்கிறன். அம்மாவை யோசிக்க வேண்டாமெண்டு சொல்லுங்கோ."

இரண்டு நாள் நான்கானது, நான்கு ஏழானது. ஏஜென்சிக்காரன் முதலில், "அண்ணை, பொறுங்கோ, பெடியள் காட்டுக்குள்ளை நிக்கிறாங்கள், நான் என்ன செய்ய?" என்றான். எட்டாம் நாள் அவனுடைய போனும் நின்றது.

துசியன் ஓரிடத்தில் இருக்கத் தெரியாத பிள்ளை. தொழில்நுட்பக் கல்லூரி, கிளிநொச்சியில் ஒரு கடை, பிறகு வவுனியாவில் ஒரு கராஜ், எதிலும் ஆறு மாதம் தாண்டியதில்லை. "இஞ்சை இருந்து என்னப்பா செய்யிறது?" என்று ஒரு வருடம் கேட்டான். ஒருநாள் பின்னேரம், கேட்டுக் களைத்துப்போய், "சரி, போ" என்று சொன்னவன் நான். என் மனைவி சரோ வாயே திறக்கவில்லை. நான் சொன்ன அந்த இரண்டு சொல்லையும் அந்த நாட்களில் எத்தனையோ தரம் எனக்குள்ளே திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்தேன். வேறு என்ன சொல்லியிருக்கலாம்?

கனகராயன்குளத்தில் எங்கள் வீட்டில் கவரேஜுக்குக் குறைவில்லை. சரோவின் போன் தையல் மெசினின் மேலே, என்னுடையது கையில். மகனுக்கு இரண்டு நம்பரும் தெரியும். ஆனாலும் வீட்டுக்குள் இருக்க முடியவில்லை. போன் முனகினால் இரண்டு பேரும் எழும்புவோம். அது யாரோ ஒருவரின் காலை வணக்கமாக இருக்கும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் திரும்ப இருப்போம்.

ஒன்பதாம் நாள் நான் தடியை எடுத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளை உருட்டினேன்.

"எங்கை போறியள்?"

"குளத்தடிக்கு."

"அங்கை போன் எடுக்காதெல்லே?"

"எடுக்கிற இடமாப் பாத்து நிப்பன்."

சரோ வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நீங்கள்தான் அவனைப் போகச் சொன்னனீங்கள்," என்றாள். சத்தமாகச் சொல்லவில்லை. பதினைந்து கிலோமீட்டர் போன பிறகும் அது எனக்குக் கேட்டது.

மரத்தில் ஏறிய போன்

பெருமாள் நெடுங்கேணியில் தச்சு வேலை செய்பவர். மலையகத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து, தாய் தகப்பனோடு கைக்குழந்தையாக வன்னிக்கு வந்தவர். ஐம்பது வருடமாக இங்கேதான். ஆனாலும் வீட்டில் கேட்டு வளர்ந்த பேச்சு அவர் நாக்கை விட்டுப் போகவில்லை. என்னை அண்ணே என்பார். எனக்குத் தூண்டில் பழக்கியவர் அவர்தான். எங்களுக்குள் மகனைப் பற்றிய கதை அதிகம் இல்லை. முதல் நாளே சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை.

கவரேஜ் தேடி நான் குளக்கட்டில் மேலும் கீழும் நடந்ததில் மீன் எல்லாம் கலைந்துபோனது. கட்டின் தெற்கு மூலையில், ஒரு கல்லின் மேல் ஏறி நின்றால் இரண்டு கோடு வரும். அங்கே தண்ணீர் முழங்கால் ஆழம், அடியில் வெறும் சேறு, ஒரு மீனும் அந்தப் பக்கம் வருவதில்லை. விரால் ஓடுகிற தாமரைப் பக்கம் போனால் போன் செத்துவிடும். நான் கல்லுக்கும் தாமரைக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருந்தேன்.

தடி பறிபோனதற்கு அடுத்த நாள் பெருமாள் ஒரு வெங்காயப் பையும் நீளமான கயிறும் கொண்டு வந்தார்.

"கவரேஜ் மேல கெடக்குண்ணே. நாம கீழ நிக்கிறோம். போனை மேல அனுப்பிருவோம்."

கட்டோரம் ஒரு பெரிய மருத மரம் நின்றது. கயிற்றில் கல்லைக் கட்டி எறிந்து உயரக் கிளை ஒன்றின் மேலால் போட்டார். போனை வெங்காயப் பைக்குள் வைத்துக் கட்டி, கொடி ஏற்றுவதுபோல் மெல்ல மேலே இழுத்தார். கண்ணாடி போட்டுப் பார்த்தும் அது எனக்கு ஒரு பொட்டாகத்தான் தெரிந்தது. சத்தத்தை முழுதாகக் கூட்டி வைத்திருந்தோம். கீழே இருந்து தூண்டில் போட்டோம். அந்த ஒன்றரை மணி நேரம்தான் அந்த மாதத்தில் நான் ஓரிடத்தில் குந்தியிருந்தது. இரண்டு யப்பான் மீன் கிடைத்தது.

போனை மரத்தில் ஏற்றத் தொடங்கி மூன்றாம் நாள் அது அடித்தது.

நான் தடியைப் போட்டுவிட்டு மரத்தடிக்கு ஓடினேன். கயிற்றை அவிழ்த்து விட்டேன். பை இரண்டடி இறங்கி ஒரு கிளைக் கவட்டில் சிக்கிக்கொண்டது. இழுத்தேன், ஆட்டினேன், வரவில்லை. மேலே போன் அடித்துக்கொண்டே இருந்தது. பெருமாள் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு மரத்தில் தொற்றி ஏறினார். பாதியில் முசுறுக் கூடு. சிவந்த எறும்புகள் கழுத்து, முதுகு, கை என்று அப்பிக்கொண்டன. அவர் ஒரு சத்தமும் போடாமல் ஏறினார். அவர் பையைப் பிடிக்கிற நேரம் அடிப்பது நின்றது.

இறங்கி வந்து போனைத் தந்தார். யாருடைய நம்பர் என்று பார்த்தேன். போன் கொம்பனியின் விளம்பர அழைப்பு. பாட்டு ஒன்று வேண்டுமா என்று கேட்கிற பதிவுக் குரல்.

நான் சிரித்தேன். பிறகு பெருமாளின் முதுகில் இருந்த முசுறுகளை ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டுக்கொண்டே அழுதேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. முதுகைக் காட்டியபடியே நின்றார்.

"நாயாத்துப் பாலத்தடிக்குப் போங்கண்ணே," என்றார். "தூரந்தான். ஆனா அங்க போனும் எடுக்கும், மீனும் இருக்கு. அக்காவையும் கூட்டிட்டுப் போங்க. அவங்களும் வீட்டுக்குள்ளயே கெடக்குறாங்க."

எனக்கு அது அதுவரை தோன்றவில்லை என்பதை வெட்கத்தோடு எழுதுகிறேன்.

சரோவின் விரல்

நான் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. பத்தொன்பதாம் நாள் காலையில் தடியைக் கட்டிக்கொண்டிருந்தபோது சரோ செருப்பைப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள்.

"நானும் வாறன். இந்த வீட்டுக்குள்ளை இனி ஒரு நிமிசம் இருக்கேலாது."

நாயாறு கடலும் உப்புநீர்க் களப்பும் சந்திக்கிற இடம். அங்கே தூண்டில் போடுகிறவர்களுக்கும் இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். குளத்து நூல் அங்கே உதவாது. பாலத்தூணில் ஒட்டியிருக்கிற மட்டிச் சிப்பி நூலை அறுத்துவிடும், ஆகவே தடித்த நூல் வேண்டும். உயிர் றாலின் வாலுக்குப் பக்கத்தில் முள்ளைக் குத்துங்கள், தலையில் குத்தினால் செத்துவிடும். தண்ணீர் ஒரு பக்கம் ஓடி முடித்து, மற்றப் பக்கம் திரும்பத் தொடங்குகிற நேரம்தான் கொடுவா மீன் வரும். வலை போடுகிற தொழிலாளர்களுக்கு இடைஞ்சலாக நிற்காதீர்கள். எங்களுக்கு அது பொழுதுபோக்கு, அவர்களுக்கு அது அடுப்பு.

சரோ தையல்காரி. நாற்பது வருடமாக நூலின் இழுவையை விரலில் வைத்திருப்பவள். நான் தடியைத் தந்து, மிதவையைப் பார் என்றேன். அவள் மிதவையைப் பார்க்கவில்லை. நூலைச் சுட்டு விரலில் லேசாக ஏந்திக்கொண்டு கடலைப் பார்த்தாள்.

"இது நண்டு," என்றாள் ஒருதரம். இழுத்தால் றாலில் பாதியைக் காணவில்லை. "இது சும்மா பாசி," என்றாள் இன்னொருதரம். பாசிதான். எனக்குப் பாசிக்கும் மீனுக்கும் வித்தியாசம் தெரிய ஒரு வருடம் எடுத்தது.

நான் பாலத்தின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்தேன். போனில் நான்கு கோடு. எல்லாக் கோடும் இருக்கிறது, ஏன் அடிக்கவில்லை? கோடு இல்லாத இடத்தில் நிற்கும்போது அதையாவது குற்றம் சொல்லலாம்.

"ஒரு இடத்திலை நில்லுங்கோவன்," என்றாள் சரோ. "நீங்கள் நடக்கிறது எனக்கு நூலிலை தெரியுது."

மூன்று தரம் போனோம். மூன்றாம் தரம், இருபத்து மூன்றாம் நாள்.

நாயாறு

பின்னேரம் நான்கு மணி இருக்கும். தண்ணீர் திரும்பத் தொடங்கியிருந்தது. சரோவின் விரல் அசைவதைக் கண்டேன். அவள் உதடு மெல்ல எண்ணியது. பிறகு தடியை உயர்த்தினாள். தடி வில்லாக வளைந்து, ரீல் கிறீச்சிட்டது.

"பெரிசு!" என்றேன். "விடு, ஓட விடு, இறுக்காதை!"

அப்போது என் சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தேன். நீளமான, தெரியாத நம்பர். வெளிநாட்டு நம்பர். என் கைவிரல் போனின் மேல் நின்றுவிட்டது.

"எடுங்கோ!" என்று கத்தினாள் சரோ.

"அப்பா."

நான் போனைக் காதோடு அழுத்தினேன்.

"அப்பா, கேக்குதோ? ஒரே காத்துச் சத்தமாக் கிடக்கு. எங்கை நிக்கிறியள்?"

"நாயாறு," என்றேன்.

"நாயாறோ? அங்கை என்ன?"

"மீன் பிடிக்கிறம்."

"ஆரோடை?"

"அம்மாவோடை."

அவன் சிரித்தான். சிரிப்பு இருமலாகி, இருமல் வேறொன்றாகியது. "அம்மா மீன் பிடிக்கிறாவோ," என்று இரண்டு தரம் சொன்னான்.

ஆஸ்பத்திரியில் இருந்தான். எல்லைக் காட்டில் வழி தவறி, பனியில் கிடந்தவர்களை யாரோ கண்டு கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார்கள். அவனுடைய போன் ஆற்றோடு போய்விட்டது. பல நாள் காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்திருக்கிறான். ஒரு நேர்ஸ் தன்னுடைய போனைத் தந்திருந்தாள். "அப்பா, இடது கால்லை ரண்டு விரல் எடுத்திட்டாங்கள். விறைச்சுப் போச்சுது. அம்மாட்டை இப்ப சொல்ல வேண்டாம்."

சரோ என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தடியை என் கையில் திணித்துவிட்டுப் போனைப் பறித்தாள்.

"சாப்பிட்டியோ?" என்று கேட்டாள்.

அவன் என்ன சொன்னானோ தெரியாது. அவள் "ம், ம்" என்று கேட்டபடி பாலத்தின் கரையோரம் நடந்தாள், திரும்பினாள், மறுபடி நடந்தாள். இருபத்து மூன்று நாள் நான் நடந்த நடை அது. நான் தடியைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றேன். மீன் எப்போது கழன்றது என்று எனக்குத் தெரியாது. நூல் தொய்ந்து தண்ணீரில் கிடந்தது.

அதற்குப் பிறகு நடந்தவை நீளமானவை. அவனை அங்கே வைத்திருக்கவில்லை. பல மாதம் ஒரு முகாமில் வைத்திருந்து, கடைசியில் திருப்பி அனுப்பினார்கள். இப்போது புளியங்குளத்தில் ஒரு கராஜில் வேலை. ஆறு மாதம் தாண்டிவிட்டது. இருப்பானா, திரும்பவும் வெளிக்கிடுவானா என்று எங்களுக்குத் தெரியாது. கேட்பதில்லை. அவன் சைக்கிளை வேகமாக மிதிக்கிற சத்தம் கேட்டால் இன்றைக்கும் நான் எழும்பி வாசலுக்குப் போவேன்.

அன்று பின்னேரம் நாங்கள் தடியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளிக்கிட்டோம். செம்மலையைத் தாண்டினோம். மோட்டார் சைக்கிளில் பின்னாலிருந்த சரோவின் நெற்றி என் முதுகில் இருந்தது. சட்டை நனைந்திருந்தது.

அளம்பில் வந்தபோது கேட்டாள்.

"காலோ, கையோ?"

நான் வேகத்தைக் குறைத்தேன். "என்ன?"

"என்னட்டை ஒண்டை மறைக்கிறியள். காலோ, கையோ?"

"கால். ரண்டு விரல்."

முல்லைத்தீவு தாண்டிப் போயிற்று. முள்ளியவளைச் சந்தியில் கடைகளில் வெளிச்சம் போட்டிருந்தார்கள். யாரோ பலகாரம் பொரிக்கிற மணம் வந்தது.

"நடக்கலாம்தானே?" என்றாள்.

"நடக்கலாமாம்."

"அப்ப கொஞ்சம் வேகமா ஓடுங்கோ. போய் அவன்ரை அறையைக் கூட்டோணும்."

"இண்டைக்கே வரப்போறானே, சரோ?"

"இல்லை," என்றாள். "எண்டாலும் கூட்டோணும்."

நான் கியரை மாற்றினேன்.